ஓய்வுபெறும் பிறப்புரிமையியல் பேராசிரியையின் ஆய்வுப் பணியை மலரில் எப்படிப் பதிவது?

கேள்வி
எழுதியவர்: வெள்ளவத்தை மாணவி

வணக்கம். மருத்துவ பீடம் ஒன்றில் 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பிறப்புரிமையியல் கற்பித்தும் ஆய்வு செய்தும் வந்த எங்கள் பேராசிரியை, வருகிற ஆண்டு 65 வயதை நிறைவு செய்து ஓய்வு பெறுகிறார். (தமிழ்நாட்டு வாசகர்கள் மரபியல் என்று அறிந்திருக்கும் துறையையே நாங்கள் உயர்தர வகுப்பிலிருந்து இப்பெயரால் படித்து வருகிறோம்.) அவருடைய பழைய மாணவர்கள் ஒன்றுசேர்ந்து சேவை நயப்பு மலர் ஒன்றை வெளியிட இருக்கிறோம். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் முழுப் பட்டியலைத் தயாரிப்பதும், அந்த ஆய்வுகளால் விளைந்த பயன் பற்றி இரண்டு பக்கம் எழுதுவதும் என் பொறுப்பாகியுள்ளன. நான் கொழும்பில் வைத்தியசாலை ஆய்வுகூடம் ஒன்றில் பணிபுரிகிறேன். பல்கலைக்கழக உலகத்தின் கணக்குகளில் எனக்குப் பழக்கமில்லை.

வேலையைத் தொடங்கிய முதல் வாரத்திலேயே குழம்பிப்போனேன். ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துவைக்கும் ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் அவர் இரண்டு வெவ்வேறு ஆட்களாகக் காட்டப்படுகிறார். அவற்றுள் ஒன்றின் எச் சுட்டெண் (கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு கணிக்கும் எண்) 9, மற்றையதன் சுட்டெண் 4. கூகுள் ஸ்கொலரில் நானே தேடி எண்ணிப் பார்த்தபோது 17 வந்தது. மலர்க்குழுவில் ஒருவர் இந்தச் சுட்டெண்ணை முதற் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போடவேண்டும் என்கிறார். இன்னொருவர், அதிக மேற்கோள் பெற்ற கட்டுரையைப் பற்றி விரிவாக எழுதச் சொல்கிறார். ஆனால் அந்தக் கட்டுரையோ பல நாடுகளைச் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து எழுதியது. எங்கள் பேராசிரியையின் பெயர் அந்த நீண்ட வரிசையின் நடுவில் எங்கோ இருக்கிறது. அவருடைய கையால் விளைந்தது என்று நான் நேரில் அறிந்த கட்டுரை வேறு. டுஷேன் தசை நலிவு நோயுள்ள சிறுவர்களிடம் டிஸ்ட்ரோபின் பரம்பரையலகின் (மரபணுவின்) எந்தப் பகுதிகள் இல்லாமற் போயிருக்கின்றன என்பதைக் குருதி மாதிரியிலிருந்தே கண்டறிவது பற்றியது அது. அதற்கு இதுவரை 11 மேற்கோள்கள்தாம் கிடைத்துள்ளன.

என் கேள்விகள் இவை. பட்டியலை முழுமையாக்குவது எப்படி? சுட்டெண்ணைப் போடுவது சரியா? 11 மேற்கோள்களே பெற்ற ஒரு கட்டுரை முக்கியமானது என்று வாசகரை ஏற்கச் செய்ய எதைச் சான்றாகக் காட்டலாம்?


பதில் 1
எழுதியவர்: பொரளை நூலகர்

மருத்துவ நூலகம் ஒன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரிபவன் என்ற முறையில் பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பயனை எடைபோடுவது பற்றி அறிந்தவர்கள் பின்னர் எழுதுவார்கள்.

நீங்கள் முதலில் தீர்க்கவேண்டியது பெயர்ச் சிக்கல். எங்கள் வழக்கத்தில் தந்தையின் பெயர் முன்னே முதலெழுத்தாக நிற்க, சொந்தப் பெயர் பின்னே வரும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆய்விதழ்களோ எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று கருதிக்கொண்டு, கடைசியில் நிற்கும் சொல்லை அந்த இடத்தில் வைத்துவிடுகின்றன. ஆகவே ஒரே பெண், ஒரு கட்டுரையில் தம் சொந்தப் பெயராலும், தந்தையின் பெயரை விரித்து எழுதிய இன்னொரு கட்டுரையில் தந்தையின் பெயராலும், திருமணத்துக்குப் பின்னர் கணவரின் பெயராலும் அறியப்படுகிறார். தரவுத்தளத்தின் கண்ணுக்கு இவர்கள் மூவர். உங்கள் பேராசிரியை ஸ்கோபஸில் இருவராகப் பிரிந்து நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கும். கூகுள் ஸ்கொலரிலும் மூன்றாவது வடிவத்தைத் தேடினீர்களா என்று பாருங்கள். இதற்கு மாறான பிழையும் நேரும். எங்களுள் ஒரே பெயரும் ஒரே முதலெழுத்தும் உடையவர்கள் நிறையப் பேர் இருப்பதால், வேறொருவரின் கட்டுரைகள் இவருடைய கணக்கில் சேர்ந்திருக்கலாம். ஒவ்வொரு கட்டுரையிலும் நிறுவன முகவரியையும் உடன் ஆசிரியர்களையும் சரிபார்க்காமல் எதையும் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

ஸ்கோபஸில் பிரிந்த பதிவுகளை ஒன்றாக்கும்படி விண்ணப்பிக்கலாம். ஆயினும் நிலையான தீர்வு, 2012 இல் தொடங்கப்பட்ட ஓர்கிட் என்னும் 16 இலக்க ஆய்வாளர் அடையாளம்தான். பெயர் எப்படி மாறினாலும் இலக்கம் மாறாது. ஆனால் அதை ஆய்வாளர் தாமே திறக்கவேண்டும். மாணவர்கள் அவருக்குத் தெரியாமல் திறக்க இயலாது. மலரை அவருக்குச் சொல்லாமல் வைத்திருந்து வழங்கும் எண்ணம் இருந்தால், அதைக் கைவிடுவது நல்லது என்றே நினைக்கிறேன். 30 ஆண்டுக் கட்டுரைகளை அவருடைய உதவியில்லாமல் முழுமையாகத் திரட்ட உங்களால் முடியாது.

அடுத்தது, எங்கே தேடுவது என்பது. மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளமான பப்மெட், ஸ்கோபஸ் இரண்டிலும் தேடுங்கள். பிறகு ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில், இங்கே வெளியாகும் ஆய்விதழ்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இலங்கை மருத்துவச் சங்கத்தின் சிலோன் மெடிக்கல் ஜேர்னலை மறந்துவிடாதீர்கள். இவற்றுள் எதிலும் அகப்படாத ஒரு பகுதி மிஞ்சும். இலங்கை மருத்துவச் சங்கத்தின் ஆண்டு அமர்வுகளிலும், இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கத்தின் ஆண்டு அமர்வுகளிலும் வாசிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கங்கள் அவை. 1990களில் இந்நாட்டில் செய்யப்பட்ட ஆய்வுகள் பலவற்றுக்கு அச்சடித்த அந்தச் சுருக்கத் தொகுதிகளைத் தவிர வேறு தடயம் இல்லை. அவற்றை நூலகத்துக்கு வந்து தாள் புரட்டித்தான் தேடவேண்டும்.

பட்டியலில் முழுக் கட்டுரைகள், சுருக்கங்கள், நூல் அத்தியாயங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே பிரியுங்கள். எல்லாவற்றையும் கலந்து எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் பட்டியல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். துறை அறிந்தவர் எவரும் அதைக் கண்டதும் மற்றப் பக்கங்களையும் ஐயத்தோடுதான் வாசிப்பார்.


பதில் 2
எழுதியவர்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

பிள்ளை, சுட்டெண்ணை முதற் பக்கத்தில் போடவேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. அதை எந்தப் பக்கத்திலும் போடத் தேவையில்லை என்றும் சொல்வேன்.

எச் சுட்டெண் என்பது ஹோர்கே ஹிர்ஷ் என்னும் பௌதிகவியலாளர் 2005 இல் முன்வைத்த ஓர் எளிய கணக்கு. ஒருவருடைய கட்டுரைகளுள் 17 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 17 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய சுட்டெண் 17. அந்தக் கட்டுரையில் நீங்கள் முதல் ஆசிரியரா, நூற்றைம்பதாவது ஆசிரியரா என்பது அதற்குத் தெரியாது. மேற்கோள் உங்களைப் பாராட்டியதா, மறுத்ததா என்பதும் தெரியாது. பணியாற்றிய ஆண்டுகள் கூடக் கூட அது ஏறும், ஒருபோதும் இறங்காது. ஆதலால் அது ஓரளவுக்கு வயதின் அளவீடும் ஆகும்.

பிறப்புரிமையியலின் வரலாற்றைப் படித்த எவரும் மேற்கோள் எண்ணிக்கையை நம்பி ஒருவரை எடைபோடத் துணியமாட்டார். மெண்டல் தம் பட்டாணிச் செடி ஆய்வை 1865 இல் வாசித்து 1866 இல் அச்சிட்டார். 1900 இல் மூன்று தாவரவியலாளர்கள் தனித்தனியே அதே முடிவுகளை அடையும்வரை அதை ஏறத்தாழ எவரும் பொருட்படுத்தவில்லை. அன்று ஒரு சேவை நயப்பு மலர் வெளியாகியிருந்தால், அவருடைய ஆய்வைப் பற்றி அதில் ஒரு வரிதான் இருந்திருக்கும். பார்பரா மக்ளின்ரொக், சோளத்தின் நிறமூர்த்தங்களில் (குரோமோசோம்களில்) இடம்விட்டு இடம் நகரும் பரம்பரைக் கூறுகள் உண்டு என்று 1950 இல் எழுதினார். நோபல் பரிசு 1983 இல் வந்தது. இடையில் கழிந்த 33 ஆண்டுகளில், எந்த ஆண்டில் அவருடைய மேற்கோள்களை எண்ணியிருந்தால் சரியான விடை கிடைத்திருக்கும்?

ஆய்விதழின் தாக்கக் காரணியையும் கட்டுரைகளின் அருகே எழுதிவிடாதீர்கள். மலர்க்குழுவில் யாராவது அதைக் கட்டாயம் கேட்பார். யூஜின் கார்ஃபீல்டின் பணியிலிருந்து உருவான அந்த எண், ஓர் ஆய்விதழ் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இந்த ஆண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் பெற்றன என்பதைச் சொல்கிறது. சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு அக்டா கிரிஸ்டலோகிரஃபிகா என்னும் ஆய்விதழின் ஏ பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். 2008 இல் ஏறத்தாழ 2 ஆக இருந்த அதன் தாக்கக் காரணி 2009 இல் ஏறத்தாழ 50 ஆக உயர்ந்தது. காரணம் ஒரே ஒரு கட்டுரை. பளிங்கு அமைப்பைக் கணிக்கும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்திய எல்லோரும் அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டினர். அந்த ஆண்டில் அதே இதழில் எழுதிய மற்றவர்களுக்கும் அந்த 50 இல் என்ன பங்கு? 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் அறிவியலாளர்களும், தனி ஆய்வாளரை மதிப்பிட ஆய்விதழின் எண்ணைப் பயன்படுத்தக்கூடாது என்று ஒரு பிரகடனத்தை வரைந்தார்கள். அது 2013 இல் வெளியானது.

ஆசிரியர் வரிசை பற்றியும் சொல்லவேண்டும். நான் பணியில் சேர்ந்த காலத்தில், நான் தனியே செய்த ஆய்வொன்றில், அதைப் படித்துக்கூடப் பார்க்காத மேலதிகாரி ஒருவரின் பெயர் என் பெயருக்கு முன்னால் அச்சாகி வந்தது. அப்போது நான் வாய் திறக்கவில்லை. இன்றும் அது என்னை உறுத்துகிறது. 1978 இல் வன்கூவரில் கூடிய மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களிலிருந்து வளர்ந்த குழு, யாரை ஆசிரியர் என்று சொல்லலாம் என்பதற்கு இன்று நான்கு நிபந்தனைகளை வைத்திருக்கிறது. உங்கள் பேராசிரியை முதல் ஆசிரியராக எழுதியவை எவை, மாணவரை முதலில் நிறுத்தித் தாம் இறுதியில் நின்றவை எவை என்பதைப் பிரித்துப் பாருங்கள். மாணவரை முன்னே விட்டுத் தாம் கடைசியில் நிற்பது பிறப்புரிமையியலில் ஆய்வுகூடத்தை நடத்துபவரின் இடம். அந்த வரிசையில் அவர் எத்தனை மாணவர்களை வளர்த்தார் என்பது தெரியும். அதை எந்தச் சுட்டெண்ணும் காட்டாது.


பதில் 3
எழுதியவர்: தெஹிவளை உயிர்த்தகவலியலாளர்

முந்தைய பதிலை எழுதிய ஐயாவின் கருத்துகளில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஓரிரு இடங்களில் மறுக்கவேண்டியிருக்கிறது.

எண்ணை முற்றாக நீக்கிவிட்டால், பேராசிரியையை அறியாத வாசகருக்கு மாணவர்களின் புகழ்மொழி மட்டுமே எஞ்சும். புகழ்மொழி எல்லா மலர்களிலும் இருக்கிறது. ஆகவே எண்ணைச் சொல்லுங்கள். எந்தத் தரவுத்தளம், எந்தத் தேதி என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஸ்கோபஸ் தனக்கென்று தெரிவுசெய்த ஆய்விதழ்களை மட்டும் எண்ணுகிறது. கூகுள் ஸ்கொலர் ஆய்வேடுகளையும் அறிக்கைகளையும் சேர்த்து எண்ணுகிறது. அதனால் இரண்டும் ஒத்துப்போகாதது இயல்பே.

கூட்டு ஆய்வுக் கட்டுரையை ஒதுக்கிவிடவேண்டாம். மனித மரபுத்தொகுதி பற்றிய ஆய்வு, நூற்றுக்கணக்கானோரின் உழைப்பில்லாமல் இன்று நடக்காது. ஆயிரம் மரபுத்தொகுதித் திட்டத்தின் 2015 ஆம் ஆண்டு நேச்சர் கட்டுரையில் 26 மக்கட் குழுக்களைச் சேர்ந்த 2504 பேரின் தரவுகள் உள்ளன. அவற்றுள் ஒரு குழு இலங்கைத் தமிழர். மாதிரிகள் பிரித்தானியாவில் வாழும் எங்களவரிடமிருந்து பெறப்பட்டவை. கொழும்பில் ஒரு நோயாளியிடம் அரிய விகாரம் (பரம்பரையலகில் நேரும் மாற்றம்) ஒன்றைக் கண்டால், அது உண்மையில் அரியதா, எங்கள் மக்களிடையே பரவலாக உள்ளதா என்று பார்க்க நான் வாரந்தோறும் திறப்பது அந்தத் தரவைத்தான். இத்தகைய கட்டுரையின் நடுவில் நிற்கும் பெயருக்குப் பின்னாலும் மாதிரி சேகரித்தவர், சம்மதப் படிவத்தைத் தாய்மொழியில் விளக்கியவர், முடிவுகளைச் சரிபார்த்தவர் என்று ஆட்கள் இருக்கிறார்கள். கட்டுரையின் இறுதியில் பங்களிப்பு விவரம் இருந்தால் உங்கள் பேராசிரியை அதில் என்ன செய்தார் என்பதைப் பார்த்து எழுதுங்கள். அது பாராட்டாகவும் அமையும், உண்மையாகவும் இருக்கும்.

இனி, உங்கள் மூன்றாவது கேள்வி. அதிக மேற்கோள் பெறுவது பெரும்பாலும் முறையைச் சொல்லும் கட்டுரைகளே. 2014 இல் நேச்சர் வெளியிட்ட கணக்கின்படி உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் உள்ளது என்று அளப்பதைப் பற்றி 1951 இல் வந்தது. மேற்கோள்கள் 305,000 ஐத் தாண்டியிருந்தன. டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருளை அறிவித்த 1953 ஆம் ஆண்டுக் கட்டுரை முதல் 100 இடங்களுக்குள்ளேயே வரவில்லை. இன்னொரு புறம், செரட்டோனின் கடத்திப் பரம்பரையலகின் ஒரு வடிவம் வாழ்க்கை நெருக்கடியில் மனச்சோர்வுக்கு வழிசெய்கிறது என்று 2003 இல் சயன்ஸ் இதழில் வந்த கட்டுரை ஆயிரக்கணக்கான மேற்கோள்களைப் பெற்றது. 2019 இல் மிகப்பெரிய மாதிரிகளைக் கொண்டு சோதித்தபோது அதற்கு ஆதரவு கிடைக்கவில்லை. நான் பட்டப்படிப்பு மாணவனாக இருந்தபோது அந்தக் கட்டுரையை வியந்து படித்தவன். அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

11 மேற்கோள் பெற்ற கட்டுரைக்குச் சான்று தேட, நோயாளிகள் இருக்கும் இடத்துக்குச் செல்லுங்கள். இலங்கையில் தலசீமியா என்னும் பரம்பரைக் குருதி நோய் பற்றி 2000 ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வை நினைத்துப் பாருங்கள். எந்தெந்த விகாரங்கள் இங்கே காணப்படுகின்றன, எந்நேரமும் 2000 பேருக்கு மேல் சிகிச்சை வேண்டியிருக்கும், அது சுகாதாரச் செலவில் எவ்வளவு பாரமாகும் என்றெல்லாம் அது கணக்கிட்டுச் சொன்னது. அந்த ஆய்வின் எடையை அறிய மேற்கோள்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்க முடியுமா? ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015 இல் வெளியான லெய்டன் அறிக்கையின் பத்துக் கோட்பாடுகளுள் ஒன்று, உள்ளூர்த் தேவைக்கு உரிய சிறந்த ஆய்வைப் பாதுகாக்கவேண்டும் என்பது. மலரில் அதை ஒரு வரியில் குறிப்பிடலாம்.


வெள்ளவத்தை மாணவியின் மறுமொழி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்களாக நீங்கள் சொன்ன வழியிலேயே சென்றேன்.

முதலில் பேராசிரியையிடம் விடயத்தைச் சொல்லிவிட்டோம். அவர் ஓர்கிட் இலக்கத்தைத் திறந்தார். ஸ்கோபஸ் பதிவுகளை ஒன்றாக்க விண்ணப்பித்திருக்கிறார். அவருடைய தந்தையின் பெயரில் மறைந்து கிடந்த ஏழு கட்டுரைகள் வெளிவந்தன. வேறொருவருடைய இரண்டு கட்டுரைகளை நான் இவருடையவை என்று எண்ணியிருந்தேன், அவற்றை நீக்கினேன்.

டுஷேன் கட்டுரைக்குச் சான்று தேடி இரண்டு விசேட வைத்திய நிபுணர்களைச் சந்தித்தேன். டிஸ்ட்ரோபின், மனிதரின் பரம்பரையலகுகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 79 எக்சன்கள் (புரதத்தை ஆக்குவதற்கான தகவலைத் தாங்கும் பகுதிகள்) கொண்டது. நோயுள்ள சிறுவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரிடம் அந்த எக்சன்களுள் ஒன்றோ பலவோ இல்லாமற் போயிருக்கும். எவை இல்லை என்று குருதி மாதிரியிலேயே பல எக்சன்களை ஒரே குழாயில் பெருக்கிப் பார்க்கும் முறை உலகில் 1988 இல் வந்தது. எங்கள் ஆய்வுகூடத்துக்கு அதைக் கொண்டுவந்து, இங்குள்ள சிறுவர்களிடம் எந்த எக்சன்களை முதலில் சோதிப்பது பயனுள்ளது என்று காட்டியதே பேராசிரியையின் கட்டுரை. அதற்கு முன்னர் தொடையிலோ காலிலோ கீறித் தசைத்துண்டு எடுத்துத்தான் உறுதிசெய்வார்கள் என்று ஒரு நிபுணர் சொன்னார். அவர் தம் மேசை இழுப்பறையிலிருந்து சோதனைக் கோரிக்கைப் படிவம் ஒன்றை எடுத்துக் காட்டினார். அந்தப் படிவத்தில் எக்சன்களின் வரிசை, பேராசிரியையின் கட்டுரையில் உள்ள அட்டவணையின் வரிசையேதான். எவரும் அதற்கு மேற்கோள் எழுதவில்லை. படிவத்துக்கு மேற்கோள் எழுதும் வழக்கம் இல்லையே.

மகனுக்கு இந்நோய் இருப்பது உறுதியானால், தாய் காவியா (நோய் வெளிப்படாமல் அந்தக் குறைபாட்டைச் சுமப்பவரா) என்று பார்த்து, அவருடைய சகோதரிகளையும் அழைத்துப் பேசவேண்டும். அந்த உரையாடலை எப்படி நடத்துவது என்று பேராசிரியை சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய கைப்பிரசுரமும் கிடைத்தது. அதைத் தனிப் பிரிவாகப் பட்டியலில் சேர்க்கிறேன். இரண்டு பக்கக் குறிப்பு இந்தப் படிவத்திலிருந்தே தொடங்குகிறது. கூட்டு ஆய்வுக் கட்டுரைக்கு ஒரு பந்தி ஒதுக்கினேன். அதில் அவர் செய்தது நோயறிதலை உறுதிப்படுத்தி மாதிரிகளைத் தெரிவுசெய்தது. சுட்டெண், தரவுத்தளத்தின் பெயருடனும் தேதியுடனும், பட்டியலின் முடிவில் சிறிய எழுத்தில் ஒரு வரியாக இருக்கும். மலர்க்குழுவில் இதற்கு ஒருவர் இன்னும் உடன்படவில்லை.

ஒரு குறை மட்டும் உள்ளது. பேராசிரியை எட்டு ஆய்வுச் சுருக்கங்களின் விவரங்களைக் கைப்பட எழுதித் தந்தார். ஒவ்வொன்றிலும் உடன் உழைத்த மாணவரின் பெயரைத் தமது பெயருக்கு முன்னால் எழுதியிருந்தார். ஏழு கிடைத்துவிட்டன. 1994 ஆம் ஆண்டு விஞ்ஞான முன்னேற்றச் சங்க அமர்வில் வாசிக்கப்பட்டது மட்டும் கிடைக்கவில்லை. அந்த மாணவர் இன்று உயிருடன் இல்லை. அதனால் அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.


பொரளை நூலகர்

எங்கள் அடுக்கில் 1994 ஆம் ஆண்டுத் தொகுதி இருக்கிறது. ஆனால் நீங்கள் தேடும் பிரிவில் சில தாள்கள் பைண்டிங்கின்போது விடுபட்டிருக்கின்றன. வேறொரு நூலகத்தில் இன்னொரு பிரதி இருப்பதாகத் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டேன். உள்ளே எடுத்துப் பார்க்க மலர்க்குழுவின் கடிதம் வேண்டும் என்கிறார்கள். செவ்வாய்க்கிழமை காலை கடிதத்துடன் வாருங்கள். நானும் உடன் வந்து பக்கத்தைப் படமெடுத்துத் தருகிறேன். மாணவரின் பெயர் அச்சில் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே பட்டியலில் எழுதுங்கள், முதலெழுத்தை மாற்றிவிடாதீர்கள்.